கேள்வி–பதில்: ஆய்வுக்கூடத்திலிருந்து நிறுவனத்துக்கு

கேள்வி: இயந்திரக் கற்றலில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். ஆய்வாளர் ஒருவர் நிறுவனம் தொடங்கப் போனால் அத்தோடு அவருடைய ஆய்வு முடிந்துவிடும் என்கிறார் என் நெறியாளர். அது உண்மைதானா?
– ஆய்வு மாணவி, திருச்சி

பதில்: பலருக்கு அப்படித்தான் நேர்கிறது என்பதால் உங்கள் நெறியாளரின் கவலையை நான் தட்டிக்கழிக்க மாட்டேன். ஆனாலும், கணினி அறிவியலாளர் டாஃப்னி கோலரின் வழியை ஒருமுறை பார்த்துவிட்டு முடிவெடுங்கள். 1968-ல் ஜெருசலேமில் பிறந்த அவர், பதினெட்டு வயதில் முதுகலை முடித்து, 1993-ல் ஸ்டான்ஃபோர்டில் முனைவர் பட்டம் பெற்று, 1995 முதல் அங்கேயே கற்பித்தார். அரைகுறையாகவும் நிச்சயமில்லாமலும் கிடைக்கும் தகவல்களைக் கொண்டு ஒரு முடிவு எந்த அளவுக்குச் சரியாக இருக்கும் என்று கணக்கிடும் நிகழ்தகவு மாதிரிகளே அவருடைய துறை. நிர் ஃப்ரீட்மனுடன் சேர்ந்து 2009-ல் அவர் வெளியிட்ட பாடநூல் ஆயிரம் பக்கங்களைத் தாண்டும்.

அவருடைய போக்கைப் புரிந்துகொள்ள 2010-ல் வெளிவந்த ஒரு கட்டுரை போதும். குறைமாதத்தில் பிறந்த 138 குழந்தைகளின் முதல் மூன்று மணி நேர இதயத்துடிப்பு, சுவாசம், ரத்தத்தில் ஆக்ஸிஜன் அளவு ஆகியவற்றை சுசி சாரியா, கோலர் முதலானோர் எடுத்துக்கொண்டார்கள். எந்தக் குழந்தைக்குப் பின்னால் பெரிய சிக்கல் வரும் என்பதை, பிறந்தவுடன் குழந்தையின் நிலையை மதிப்பிட்டுத் தரும் வழக்கமான அப்கார் மதிப்பெண்ணைவிட அந்தப் பதிவுகள் நன்றாகக் காட்டின. துடிப்பு நிமிடத்துக்கு எத்தனை என்பது மட்டுமல்லாமல், அது கணத்துக்குக் கணம் எவ்வளவு ஏறி இறங்குகிறது என்பதும் செய்தி சொன்னது. படுக்கையருகே இருக்கும் கருவியின் திரையில் எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும் கோடுதான் அது. அதை யாராவது சேர்த்துவைத்துப் படிக்க வேண்டியிருந்தது, அவ்வளவே. நல்ல தரவு எங்கே கிடைக்குமோ அங்கே போவது என்பதுதான் கோலரின் வாழ்க்கை முழுவதும் தொடரும் இழை என்று நான் நினைக்கிறேன்.

2011 இலையுதிர்காலத்தில் ஸ்டான்ஃபோர்டின் மூன்று பாடங்கள் இணையத்தில் இலவசமாகத் திறக்கப்பட்டபோது, ஒவ்வொன்றிலும் ஒரு லட்சம் பேர் அளவுக்குச் சேர்ந்தார்கள். அடுத்த ஆண்டே கோலரும் அங்கே சக பேராசிரியராக இருந்த ஆண்ட்ரூ இங்கும் இணையவழிப் பாடங்கள் வழங்கும் கோர்செரா நிறுவனத்தைத் தொடங்கினார்கள். இங் நடத்திய வகுப்பில் இரண்டாயிரம் பேர் ஒரே தவறான விடையை எழுதிய நிகழ்ச்சியைக் கோலர் மேடையில் விவரித்திருக்கிறார். நூறு பேர் வகுப்பில் இருவர் அப்படி எழுதினால் ஆசிரியரின் கண்ணில் படாது. இரண்டாயிரம் பேர் எழுதியதால், அவர்கள் எந்த இடத்தில் குழம்பினார்கள் என்பதைக் கண்டுபிடித்து, அதே தவறைச் செய்பவருக்கு மட்டும் உரிய விளக்கம் உடனே தோன்றும்படி செய்ய முடிந்தது. இத்தனை பேர் சேரும் வகுப்பு இல்லாமல் இந்த அவதானிப்பு கிடைத்திருக்காது. கோர்செராவுக்காக அவர் ஸ்டான்ஃபோர்டின் நிரந்தரப் பேராசிரியர் பதவியை விட்டார் என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். சிறிய விலை அல்ல அது.

கேள்வி: நன்றாக நடந்த கோர்செராவை விட்டு அவர் ஏன் விலகினார்? இப்போது என்ன செய்கிறார்?
– மென்பொருள் பொறியாளர், கோயம்புத்தூர்

பதில்: இயந்திரக் கற்றல் மற்ற துறைகளையெல்லாம் மாற்றிக்கொண்டிருக்க, உயிர் அறிவியலை மட்டும் போதிய அளவு தொடவில்லை என்பதே அவர் சொல்லும் காரணம். 2016-ல் கோர்செராவிலிருந்து விலகி, முதுமையை ஆராயும் கேலிகோ நிறுவனத்தில் சிறிது காலம் பணியாற்றினார். 2018-ல், இயந்திரக் கற்றலைக் கொண்டு மருந்து தேடும் இன்ஸிட்ரோ நிறுவனத்தைத் தொடங்கினார்.

புதிய மருந்து ஒன்றைக் கொண்டுவரப் பத்தாண்டுகளுக்கு மேல் ஆகிறது. மனிதர்களிடம் சோதிக்கும் கட்டம்வரை வந்தவற்றிலும் பெரும்பாலானவை தோற்றுப்போகின்றன. விலங்குகளில் வேலை செய்தது மனிதரிடம் வேலை செய்யாமல் போவது அதற்கு முக்கியமான ஒரு காரணம். இன்ஸிட்ரோவில் மனிதரின் செல்களை முதலில், வேறு வகைச் செல்களாக வளரக்கூடிய தண்டு செல்களாக்கி, அவற்றிலிருந்து நரம்பு செல்களைப் போன்றவற்றை வளர்த்து, தானியங்கிக் கருவிகளைக் கொண்டு பெருமளவில் நுண்ணோக்கிப் படங்கள் எடுக்கிறார்கள். நோய்க்கான மரபணு மாற்றமுள்ள செல்லையும் நலமான செல்லையும் பிரித்தறிய இயந்திரம் அந்தப் படங்களிலிருந்து கற்றுக்கொள்கிறது. பிறகு, நோயுற்ற செல்லை நலமான செல்லின் நிலைக்குக் கொண்டுவரக்கூடியது எது என்று தேடுகிறார்கள். முன்பு மருத்துவமனை வைத்திருந்த பதிவுகளைப் படித்தவர், இப்போது தமக்கு வேண்டிய பதிவுகளைத் தாமே உண்டாக்குகிறார். இதற்குத் தேவைப்படும் ஆய்வுக்கூடமும் பொறியாளர் படையும் ஒரு பேராசிரியருக்குக் கிடைக்கும் நிதியில் அடங்குமென்று எனக்குத் தோன்றவில்லை.

பலன் இன்னும் கைக்கு வரவில்லை. இன்ஸிட்ரோவின் மருந்து எதுவும் கடைக்கு வரவில்லை. 2025-ல் அங்கே ஆட்குறைப்பும் நடந்தது. கோர்செரா தொடங்கி ஒன்பது ஆண்டுகளில், 2021-ல், பங்குச் சந்தைக்கு வந்துவிட்டது. மருந்துத் துறையிலோ ஒரு மூலக்கூறு பயன்படுமா என்பது தெரியவே அவ்வளவு காலம் ஆகும். அதை அறிந்துதான், ஏறக்குறைய ஐம்பது வயதில், கோலர் இதைத் தொடங்கினார்.