குளிர் நாட்டு ஃபிளாட்டில் பச்சோந்திக் கூண்டு: கடை செட்டை வாங்குவதற்கு முன்

வணக்கம் தம்பி. குளிர் நாட்டில் முதல் குளிர்காலம், வாடகை ஃபிளாட், ஹீட்டர் நாள் முழுக்க ஓடுகிறது, வெய்ல்டு பச்சோந்தி வளர்க்க ஆசை. கண்ணாடித் தொட்டி, சிவப்பு பல்பு, தண்ணீர்க் கிண்ணம், தரையில் பரப்ப மரச்சீவல் என்று ஒரே செட்டாகக் கடையில் தருகிறார்கள், போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். போதாது. நாலில் மூன்று தேவையே இல்லை. தொட்டி மட்டும் அளவும் காற்றுத் துளையும் பார்த்து.

புதிதாக வருபவர்கள் பலரும் போடும் கணக்கு, வெளியே இவ்வளவு குளிர், ஆகவே உள்ளே சூட்டைக் கூட்டவேண்டும் என்பது. சூடு சுலபம், ஒரு பல்பு போதும். ஆளைக் கவிழ்ப்பது வறண்ட காற்று. ஹீட்டர் ஓடும் வீட்டில் ஈரப்பதம் 20, 30 சதவீதத்துக்கு இறங்கிவிடும். உங்கள் உதடு வெடிக்கிறதே, அதே காற்றுதான். வெய்ல்டு இனம் ஏமன், சவுதியின் தென்மேற்கு மலைப்பக்கத்தது. இரவு குளிர்ந்து ஈரம் இறங்கும், விடியலில் இலையில் துளி நிற்கும், வெயில் ஏறினால் காய்ந்துவிடும். பகலில் சூடும் வறட்சியும், இரவில் குளிர்ச்சியும் ஈரமும். கூண்டில் நாம் உண்டாக்க வேண்டியது இந்தச் சுழற்சியைத்தான்.

வளர்ந்த ஆணுக்கு 60 செ.மீ. அகலம், 60 ஆழம், 120 உயரம். பெண்ணுக்குக் குறைந்தது 45, 45, 90. உயரத்தில் கஞ்சத்தனம் கூடாது. நாலு பக்கமும் வலையான கூண்டு வெப்பமான ஊர்களுக்கு நல்லது. ஹீட்டர் வீட்டில் தெளித்த ஈரம் சில நிமிடத்தில் பறந்துவிடும். ஆகவே வலைக்கூண்டு வாங்கி, முதுகுப்பக்கத்தையும் இரு பக்கங்களையும் பிளாஸ்டிக் ஷீட்டால் மூடுங்கள். முன்பக்கமும் கூரையும் வலையாகவே இருக்கட்டும். கண்ணாடிதான் கிடைக்கிறது என்றால், கதவுக்குக் கீழே காற்றுத் துளையும் மேலே வலையும் உள்ளதாகப் பாருங்கள். விளக்குச் சூட்டில் காற்று மேலே போகும், கீழே புதுக்காற்று நுழையும். இந்த ஓட்டம் இல்லாத தொட்டியில் காற்று தேங்கிப் பூஞ்சை பிடிக்கும், அடுத்தது நுரையீரல் தொற்று.

கூண்டை மேசை மேல் ஏற்றி வையுங்கள். பச்சோந்தி உட்காரும் கிளை உங்கள் கண்ணுக்கு மேலே இருக்கவேண்டும். மேலிருந்து குனிந்து பார்க்கும் எதுவும் அதற்குப் பருந்துதான். ரேடியேட்டருக்குப் பக்கத்திலும், அடிக்கடி திறக்கும் கதவுக்கு நேரேயும் வேண்டாம். ஒரு கூண்டுக்கு ஒன்றுதான். ஜோடியாக வைத்தால் கொஞ்சும் என்பதெல்லாம் நம் கற்பனை.

விளக்கு இரண்டு வகை வேண்டும். ஒன்று யூவிபி, வெயிலில் இருக்கும் புற ஊதாக் கதிரைத் தரும் விளக்கு. சுருள் பல்பு வேண்டாம், கூண்டின் அகலத்துக்கு டி5 என்ற மெல்லிய குழல் விளக்கு, யூவிபி 6 சதவீதம் என்று போட்டது. அதை வலைக்கூரையின் மேல் வைத்து, உச்சிக்கிளையில் உட்கார்ந்திருக்கும் பச்சோந்தியின் முதுகு சுமார் 20 முதல் 25 செ.மீ. கீழே இருக்கும்படி கிளையைக் கட்டுங்கள். அங்கே யூவி இன்டெக்ஸ், அதாவது புற ஊதாக் கதிரின் வலிமை, 3 அளவில் இருந்தால் போதும். ஜன்னல் வெயில் கணக்கில் சேராது, கண்ணாடி யூவிபியைத் தடுத்துவிடும். யூவிபி இல்லாமல் உடம்பில் வைட்டமின் டி3 உருவாகாது, இரைப் பூச்சியில் எவ்வளவு கால்சியம் தூவினாலும் எலும்பில் சேராது, கால் வளையும். குழல் எரிந்துகொண்டே இருந்தாலும் வருடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். கண்ணுக்கு வெளிச்சம் அப்படியே தெரியும், யூவிபி மட்டும் குறைந்திருக்கும்.

இரண்டாவது, வெயில் காயும் விளக்கு. சாதாரண ஹாலஜன் போதும். வாட்டைப் பார்த்து வாங்காமல் தெர்மாமீட்டரைப் பார்த்து வாங்குங்கள். கிளையில் ஆணுக்கு 29, 30 டிகிரி, பெண்ணுக்கு 27 போல. கூண்டின் மற்ற இடம் 22 முதல் 25. அளவெடுக்கும்போது கிளையின் உயரத்தில் எடுக்காதீர்கள், முதுகும் தலைக்கொண்டையும் வரும் உயரத்தில் எடுங்கள். அந்தச் சில செ.மீ. வித்தியாசத்தில்தான் முதுகில் தீக்காயம் வருகிறது. சுடுகிறதென்று அது நகர்ந்துவிடும் என்று நம்பாதீர்கள், வெந்துகொண்டே உட்கார்ந்திருக்கும். பன்னிரண்டு மணி நேரம் பகல், பிறகு முழு இருட்டு. சிவப்பு பல்பு எதற்கும் ஆகாது, தூக்கத்தைக் கெடுக்கும். இரவில் 15 முதல் 20 டிகிரிக்கு இறங்குவது வளர்ந்த பச்சோந்திக்கு நல்லது. படுக்கும் நேரத்தில் அந்த அறை ஹீட்டரைக் குறைத்துவிடுங்கள்.

இனி தண்ணீர். கிண்ணத்தில் தேங்கி நிற்பதைப் பெரும்பாலும் குடிக்கத் தெரியாது, இலையில் உருளும் துளியைத்தான் நக்கும். டைமர் உள்ள மிஸ்டிங் பம்ப், அதாவது தண்ணீரைச் சாரலாகத் தெளிக்கும் பம்ப், வாங்குங்கள். விளக்கு எரிவதற்கு முன் இரண்டு நிமிடம், அணைந்த பின் இரண்டு நிமிடம். மதியம் ஒரு சொட்டுக் குப்பி, இலை மேல் கால் மணி நேரம். நடு இரவிலிருந்து விடியும்வரை ஃபாகர் என்ற பனிமூட்டக் கருவி ஓடலாம், ஈரப்பதம் 80க்கு மேல் ஏறட்டும். பகலில் 30 முதல் 50 வரை இறங்கிக் காயட்டும். ஈரப்பதம் குறைகிறதே என்று பகலில், விளக்குச் சூட்டோடு ஃபாகரைப் போடுபவர்கள் உண்டு. சூடும் ஈரமும் தேங்கும் காற்றும் சேர்ந்தால் கிருமிக்குக் கொண்டாட்டம். அறை 20 டிகிரிக்கு மேல் இருக்கும் இரவிலும் ஃபாகர் வேண்டாம். குழாய் நீர் உப்பாக இருந்தால் பம்பின் நாசில் அடைக்கும், இலையில் வெள்ளைப் புள்ளி விழும். உப்பு நீக்கிய நீரை ஊற்றுங்கள்.

உள்ளே வெறும் ஒரு கம்பும் பிளாஸ்டிக் இலையும் போட்டால் அது கூண்டில்லை, காட்சிப்பெட்டி. கிளைகளைக் கிடைமட்டமாக, விரல் தடிமனிலிருந்து கட்டைவிரல் தடிமன் வரை, மூன்று நான்கு உயரத்தில் கட்டுங்கள். இரண்டு விரல், மூன்று விரலாகப் பிரிந்த அந்தப் பாதம் கிளையைச் சுற்றிப் பிடிப்பது. வழுவழுப்பான பிளாஸ்டிக் கம்பில் பிடி நழுவும். செடிக்கு மணி பிளான்ட், ஷெஃப்லேரா, செம்பருத்தி. வெய்ல்டு இலையைக் கடித்துத் தின்னும், ஆகவே பெயர் தெரியாத செடி வேண்டாம். நர்சரியிலிருந்து வந்ததும் இலையின் இருபுறமும் கழுவி, செடித்தொட்டி மண்ணின் மேல் விழுங்கமுடியாத பெரிய கூழாங்கற்களைப் பரப்புங்கள். கூண்டின் நடுவில் இலை அடர்த்தியாக, நீங்கள் பார்த்தாலும் அது தெரியாத அளவுக்கு இருக்கவேண்டும்.

தரை வெறுமையாக, கீழே நீர் வடியும் தட்டு. மரச்சீவலை யார் கண்டுபிடித்தார்களோ! பூச்சியோடு வாய்க்குள் போய்க் குடலை அடைக்கும். பெண்ணாக இருந்தால் 30 செ.மீ. ஆழத்துக்கு ஈர மணலும் மண்ணும் கலந்த தொட்டி ஒன்று நிரந்தரமாக இருக்கட்டும். ஆண் சேராமலேயே முட்டை உருவாகும், தோண்ட இடமில்லாவிட்டால் முட்டை உள்ளேயே தங்கி உயிர் போகும். விரலால் குழி தோண்டிப் பாருங்கள், சரியாமல் நிற்கும் ஈரம்தான் அளவு.

வாடகை வீடு என்பதால் வீட்டுக்காரரிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். விற்பவரின் ரசீதையும் பத்திரமாக வையுங்கள். இவை சைட்டிஸ் என்ற, காட்டுயிர் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேச ஒப்பந்தத்தின் பட்டியலில் உள்ளவை, நாளை நாடு மாறினால் பெரும்பாலும் பர்மிட் இல்லாமல் எல்லை தாண்ட முடியாது. கூண்டிலிருந்து வரும் ஒவ்வொரு வயரும் பிளக்குக்குக் கீழே தொங்கி, பிறகு மேலேறிச் செருகப்படவேண்டும். வழியும் தண்ணீர் தொங்கும் வளைவில் சொட்டிவிடும், சாக்கெட்டுக்குள் போகாது.

எல்லாம் மாட்டியபின் பச்சோந்தி இல்லாமலே இரண்டு வாரம் ஓட்டுங்கள். காலை, மதியம், நள்ளிரவு அளவுகளைக் குறித்து, இலை மதியத்துக்குள் காய்கிறதா என்று பாருங்கள். ஊர்வன பார்க்கும் கால்நடை மருத்துவர் எங்கே இருக்கிறார் என்பதையும் அந்த இரண்டு வாரத்திலேயே விசாரித்து வையுங்கள். பச்சோந்தி வந்த பிறகு தினமும் அதன் எச்சத்தைப் பாருங்கள். வெள்ளைப் பகுதி வெள்ளையாக இருந்தால் சரி, ஆரஞ்சானால் தண்ணீர் போதவில்லை. விளக்கடியில் வாயைப் பிளந்து உட்கார்ந்தால் சூடு அதிகம். பகலில் கண்ணை மூடிக்கொண்டிருந்தாலோ, தலையைத் தூக்கி மூச்சு வாங்கினாலோ அன்றைக்கே மருத்துவரிடம் கொண்டுபோங்கள்.