300 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரமா?

கேள்வி: இரண்டு சின்ன விமான நிலையங்களுக்கு நடுவே தூரம் 300 கிலோமீட்டர், பறக்கும் நேரம் 22 நிமிடம் என்று இணையத்தில் காட்டுகிறது. டிக்கெட்டில் 1 மணி 5 நிமிடம் என்று இருக்கிறது. எதை நம்புவது?

பதில்: டிக்கெட்டை நம்புங்கள். விமானங்களுக்கு அட்டவணை போடும் வேலையில் இருந்தவன் நான். அந்த 22 எப்படி வந்தது என்பது பார்த்ததுமே தெரிகிறது: 300-ஐ 800-ஆல் வகுத்துப் போட்டிருக்கிறார்கள். தூரத்தில் தப்பில்லை. (விமானியைக் கேட்டால் 162 என்பார். அது கடல் மைல். ஒன்றுக்கு 1,852 மீட்டர்.) வேகத்தில்தான் கோளாறு. மணிக்கு 800 கிலோமீட்டர் என்பது ஜெட் விமானம் நன்றாக மேலே ஏறிய பிறகு எட்டும் வேகம். சின்ன நிலையங்களுக்குப் பெரும்பாலும் வருவது ஏடிஆர் 72 மாதிரி விசிறி வைத்த டர்போபிராப். அது முழு வேகத்தில் போனாலே 500 சொச்சம்தான்.

சரி, அப்படியானால் 36 நிமிடம்? அதுவும் தரையை விட்டதுமே 500-ஐப் பிடித்தால்தான். ஏறும்போது 300, 350-ல்தான் ஏறும். தரையிறங்க ஓடுபாதையை நெருங்கும்போது இன்னும் மெதுவு. தவிர, காற்றை எதிர்த்துத்தான் கிளம்ப வேண்டும். காற்று வாகாக இல்லாவிட்டால், போக வேண்டிய ஊருக்கு முதுகைக் காட்டி எழும்பி, அப்புறம் ஒரு வளையம் போட்டுத் திரும்பும். இறங்குகிற இடத்திலும் ஓடுபாதைக்கு நேராக வந்து சேர ஒரு சுற்று. இப்படியே பத்து, பதினைந்து நிமிடம் போய்விடும்.

இன்னொன்று, டிக்கெட்டில் இருப்பது பறக்கும் நேரமே இல்லை. நின்ற இடத்திலிருந்து விமானம் நகர்வது முதல், போய் நிற்பது வரைக்குமான கணக்கு அது. நாங்கள் ‘பிளாக் டைம்’ என்போம். ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, முன்னால் நிற்கும் விமானத்துக்காகக் காத்திருப்பது எல்லாம் அதில் அடங்கும். தாமதம் என்று பெயர் வாங்காமலிருக்க, நிறுவனங்கள் மேலே சில நிமிடங்களைச் சேர்த்துப் போடுவதும் உண்டு. முன்னதாகவே வந்துவிட்டோம் என்று அறிவிப்பில் பெருமைப்படுவது அந்தச் சில்லறையை வைத்துத்தான்!

கேள்வி: போகும்போது எதிர்க்காற்று என்றால் வரும்போது பின்காற்று. மொத்தத்தில் சரியாகிவிடாதா?

பதில்: ஆகாது. கணக்குப் போட்டுப் பாருங்கள். 500-ல் போகும் விமானத்துக்கு 80 கிலோமீட்டர் எதிர்க்காற்று என்றால், அதே 300 கிலோமீட்டருக்கு 43 நிமிடம். திரும்பும்போது 31. கூட்டினால் 74; காற்றே இல்லையென்றால் 72. மெதுவாகப் போகிற நேரம்தான் அதிகம் என்பதால், இழந்தது முழுக்கத் திரும்பி வராது. 800-ல் போகும் ஜெட்டுக்கு அதே காற்றில் போவதற்கும் வருவதற்கும் ஐந்து நிமிடம்கூட வித்தியாசம் வராது. டர்போபிராப்புக்குத்தான் காற்று பெரிய விஷயம்.

கேள்வி: உலகிலேயே மிகக் குறைந்த தூர விமானச் சேவை எது?

பதில்: ஸ்காட்லாந்தின் ஆர்க்னி தீவுகளில், வெஸ்ட்ரே – பாப்பா வெஸ்ட்ரே. தூரம் 2.7 கிலோமீட்டர். லோகன்ஏர் நிறுவனம் 1967 முதல் ஓட்டுகிறது. அட்டவணையில் 2 நிமிடம்; சாதனை 53 விநாடி. அன்றைக்குப் பின்காற்று நன்றாக அடித்திருக்கும்.