புள்ளியும் பெயரும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

புரதங்களின் என்எம்ஆர் (அணுக்கருக் காந்த ஒத்திசைவு) ஆய்வு குறித்த கட்டுரையில், நைட்ரஜன்–ஹைட்ரஜன் நிறமாலையில் ஏறக்குறைய ஒவ்வொரு அமினோ அமிலத்துக்கும் ஒரு புள்ளி கிடைக்கும் என்று எழுதியிருந்தீர்கள். எல்லாப் புள்ளிகளும் ஒரே வகைப் பிணைப்பிலிருந்து வருபவை என்றால், இது அலனின், இது செரின் என்று எப்படிச் சொல்கிறார்கள்? அது ஊகம்தானா?

முதுகலை வேதியியல் மாணவி

அன்புள்ள மாணவிக்கு,

அந்தப் புள்ளியை மட்டும் பார்த்துச் சொன்னால் பெரும்பாலும் ஊகம்தான். வகையைக் காட்டிக்கொடுப்பவை, அமினோ அமிலத்தின் மையத்தில் உள்ள ஆல்பா கார்பனும், அதிலிருந்து கிளைக்கும் பக்கச் சங்கிலியின் முதல் கார்பனான பீட்டா கார்பனும். என்எம்ஆரில் தெரிவது கார்பன்-13 மட்டுமே; இயற்கையில் அது ஏறத்தாழ 1.1 விழுக்காடே இருப்பதால், கார்பன்-13 குளுக்கோஸும் நைட்ரஜன்-15 அம்மோனியம் குளோரைடும் கலந்த ஊடகத்தில் பாக்டீரியாவை வளர்த்து, அதனிடமிருந்து புரதத்தைப் பெறுகிறார்கள். அதன்பின் முப்பரிமாண நிறமாலையில் ஒவ்வொரு புள்ளியோடும் அதற்குரிய கார்பன்களையும், சங்கிலியில் அதற்கு முந்தைய அமினோ அமிலத்தின் கார்பன்களையும் காணலாம்.

அலனினின் பீட்டா கார்பன் வெறும் மெத்தில் என்பதால் 19 பிபிஎம் (நிறமாலையில் இடத்தைக் குறிக்கும் அளவு) அருகே நிற்கும். செரினில் அதே கார்பனோடு ஆக்சிஜன் இணைந்திருப்பதால் 64 அருகே செல்லும். த்ரியோனினில் 70 அருகே, அதன் ஆல்பா கார்பனையும் தாண்டி நிற்கும். கிளைசீனுக்குப் பீட்டா கார்பனே இல்லை, ஆல்பா மட்டும் 45 அருகே தெரியும். இந்த நான்கையும் பெரும்பாலும் தயங்காமல் சொல்லலாம். குளூட்டமிக் அமிலம், குளூட்டமின், லைசின், அர்ஜினின், மெத்தியோனின் ஆகியவற்றின் எண்களோ ஒன்றோடொன்று நெருங்கிக் கிடக்கின்றன. புரதம் சுருளாகவோ தாளாகவோ மடியும்போது அவை மேலும் சில பிபிஎம் நகரும். அங்கே ஒரே பெயரை எழுதிவிடாமல், ‘இவ்வைந்தில் ஒன்று’ என்று குறித்து வைப்பதே நேர்மையான வேலை என்பது என் உறுதியான கருத்து.

மீதியை, ஏற்கெனவே தெரிந்த அமினோ அமில வரிசை முடித்துத் தரும். 76 அமினோ அமிலங்கள் கொண்ட யூபிக்விட்டின் என்ற சிறு புரதத்தில் அலனின் இரண்டே உள்ளன: 28ஆவதை அடுத்து லைசின், 46ஆவதை அடுத்து கிளைசீன். ஆகவே ஒரு கிளைசீன் புள்ளிக்கு முன்னால் அலனினின் கார்பன்கள் தெரிந்தால், அது 47ஆவது கிளைசீன் அன்றி வேறில்லை. அங்கிருந்து இருபுறமும் சங்கிலியைப் பிடித்துச் செல்லும்போது, ‘ஐந்தில் ஒன்று’ என்று நிறுத்தி வைத்தவற்றுக்கும் தனித்தனிப் பெயர் கிடைக்கிறது.

புரோலினில் மட்டும் இந்தப் பிடி அறுபடும், ஏனெனில் பெப்டைடு நைட்ரஜனில் அதற்கு ஹைட்ரஜன் இல்லை, புள்ளியும் இல்லை. 19ஆவது, 38ஆவது புரோலின்களின் கார்பன்களை, அவற்றுக்கு அடுத்து வரும் செரின், அஸ்பார்ட்டிக் அமிலப் புள்ளிகளின் வழியே காணலாம். 37ஆவதற்கு அடுத்ததும் புரோலினே என்பதால், அதற்கு இந்த வழியும் இல்லை. வேறு சோதனை தேவைப்படும்.