பல்கலைக்கழகங்களின் கூட்டு ஆய்வும் விழிப்புணர்வு வகுப்புகளும் ஆன்டிபயாடிக்குக் கட்டுப்படாத கிருமிகளை ஒடுக்கிவிடுமா, எல்லாம் ஏட்டளவில்தானா?

கேட்டவர் நுண்ணுயிரியல் மாணவராக இருக்க வேண்டும். கூட்டு ஆய்வுத் திட்டம் ஒன்றில் சேரச் சொல்லியிருப்பார்கள். இதனால் யாருக்கு என்ன பயன் என்ற சலிப்பும் வந்திருக்கும். டெல்லியில் ஒரு தனியார் மருத்துவமனை ஆய்வகத்தில் 17 ஆண்டுகளாக, கிருமிகளை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் தட்டுகளைப் படித்துவருபவள் என்ற முறையில் சொல்கிறேன்: ஒடுக்க முடியும், ஆனால் கண்டறிந்தது நோயாளியின் கட்டிலுக்கும் மருந்துக்கடைக்கும் திரும்பி வந்தாக வேண்டும். நான் மருத்துவர் அல்ல. கீழே வரும் மருந்துப் பெயர்களை யாரும் பரிந்துரையாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

சில ஆண்டுகளுக்கு முன் மார்கழிக் குளிரில் மன்னார்குடியிலிருந்து என் மாமியார் எங்கள் ராமகிருஷ்ணபுரம் வீட்டுக்கு வந்திருந்தார். ஐந்தாம் நாள் இரவு நீர்க்கடுப்பும் காய்ச்சலும் கண்டன. இரவுப் பணியில் இருந்த என்னைக் கணவர் தொலைபேசியில் கேட்டபோது, "செஃபிக்சைம் வாங்கிக் கொடுங்கள், காலையில் பார்த்துக்கொள்ளலாம்" என்று சொன்னவள் நான்தான். கடையில் சீட்டு கேட்கவில்லை. அட்டையிலிருந்து ஆறு மாத்திரைகளைக் கத்தரித்துக் கொடுத்துவிட்டார்கள். செஃபிக்சைம் ஓர் ஆன்டிபயாடிக், சீட்டில்லாமல் விற்கக் கூடாத எச்1 பட்டியலில் உள்ள மருந்து. 2014 மார்ச் முதல் அத்தகைய மருந்துகளை விற்கும்போது, சீட்டு எழுதிய மருத்துவர் பெயரையும் நோயாளி பெயரையும் தனிப் பதிவேட்டில் குறித்து மூன்று ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். அதை அறிந்த நானே அந்தச் சட்டத்தை மீறச் சொன்னேன் என்பது இன்றும் உறுத்துகிறது.

கூடவே கொடுத்த காய்ச்சல் மாத்திரையில் உடம்புச் சூடு இறங்கியதை நோய் தீர்ந்ததாக எடுத்துக்கொண்டோம். "சரியாயிடுச்சும்மா, எதுக்கு வீணா மருந்து" என்று மூன்றாம் நாள் மாமியார் நிறுத்திவிட்டார். பத்து நாள் கழித்துக் குளிர்நடுக்கத்தோடு காய்ச்சல் திரும்பியது. இம்முறை சிறுநீர் மாதிரி எடுத்து, கல்ச்சர் போட்டு, இரண்டு நாள் காத்திருந்து தட்டை நானே வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். மருந்து வேலை செய்தால் அந்த மருந்து ஊறிய காகித வட்டைச் சுற்றிக் கிருமி வளராத தெளிந்த வளையம் விழும். வட்டின் குறுக்களவு 6 மில்லிமீட்டர். வளையமே இல்லாவிட்டால் 6 என்றுதான் எழுதுவோம். செஃபிக்சைமுக்கு 6, அதே குடும்பத்து ஊசி மருந்தான செஃப்ட்ரியாக்சோனுக்கும் 6. வட்டின் விளிம்பை ஒட்டியே ஈ.கோலை என்ற குடல் கிருமி படர்ந்திருந்தது. அவற்றைவிட வலிய மெரோபெனம் என்ற ஊசி மருந்துக்கு மட்டும் 27 வந்தது. மருத்துவர் அந்த வகை ஊசியை ஏழு நாள் போடச் சொன்னார், குணமானது. வாயில் போடும் ஒரு மாத்திரையில் முடிந்திருக்க வேண்டிய நோய், கடைசிக் கையிருப்பாக வைத்திருக்க வேண்டிய மருந்து வரை போய்விட்டது.

அந்த 27 என்ற எண்ணை நம்ப முடிந்ததே கூட்டு உழைப்பால்தான். ஏ.டி.சி.சி. 25922 என்று எண்ணிட்ட ஒரே ஈ.கோலை வகையைத்தான் எத்தனையோ நாட்டு ஆய்வகங்களும் தங்கள் தட்டும் வட்டும் சரியா என்று பார்க்க வளர்க்கின்றன. வேலூரில் அளந்ததையும் டெல்லியில் அளந்ததையும் அதனால்தான் ஒப்பிட முடிகிறது. மெரோபெனத்தையும் செயலிழக்கச் செய்யும், கிருமிகள் உண்டாக்கும் என்.டி.எம்.-1 (நியூ டெல்லி மெட்டலோ-பீட்டா-லாக்டமேஸ்) நொதி எவ்வளவு பரவியிருக்கிறது என்பதை 2010இல் வெளிக்கொணர்ந்த கட்டுரையும் சென்னைப் பல்கலைக்கழக ஆய்வாளர் கார்த்திகேயன் குமாரசாமியை முதல் ஆசிரியராகக் கொண்டு, பிரிட்டனின் கார்டிஃப் பல்கலைக்கழகத்தாரும் பிறரும் சேர்ந்து எழுதியதே. நாட்டை இழிவுபடுத்த வெள்ளைக்காரர் செய்த சதி என்று இப்போதும் சிலர் பின்னூட்டமிடுவார்கள். அந்த நொதியின் பெயரில் எங்கள் ஊர் ஒட்டிக்கொண்டதில் எனக்கும் வருத்தம்தான். அந்தப் பெயருக்காக லான்செட் மருத்துவ இதழின் ஆசிரியரே 2011இல் வருத்தம் தெரிவித்தார். ஆனால் அதே ஆண்டு வெளியான ஆய்வில், டெல்லியில் தேங்கிய நீரின் 171 மாதிரிகளில் 51இலும், குழாய்நீரின் 50 மாதிரிகளில் 2இலும் அந்த நொதிக்கான மரபணு இருந்தது. பெயரைப் பற்றிச் சண்டையிட்ட அளவுக்கு அந்தக் குழாய்நீரைப் பற்றி நாம் கவலைப்பட்டோமா? நல்லவேளையாக 2012இல் மருத்துவச் சங்கங்கள் கூடி, இத்தகைய கிருமிகளை எதிர்கொள்ளும் வழிகளைச் சொல்லும் சென்னைப் பிரகடனத்தை வெளியிட்டன. 2013இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் இந்தக் கிருமிகளுக்கான கண்காணிப்பு வலையமைப்பைத் தொடங்கியது.

வகுப்புகளைப் பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். மாமியாரின் தட்டைப் படமெடுத்து வைத்திருக்கிறேன். எங்கள் பகுதித் தமிழ்ப் பிள்ளைகளுக்கு ஆண்டுக்கொரு முறை அதைத்தான் காட்டுகிறேன். 2016 முதல் ஆன்டிபயாடிக் அட்டையில் இருக்க வேண்டிய, சீட்டின்றி வாங்கக் கூடாது என்று காட்டும் சிவப்புக் கோட்டைப் பற்றிச் சொல்லி, வீட்டு அலமாரியில் அப்படிப்பட்ட மிச்ச மாத்திரை அட்டைத் துண்டுகள் எத்தனை என்று எண்ணி வரச் சொல்வேன். சென்ற முறை ஒரு சிறுமி ஒன்பது என்றாள். மறுவாரம் அவள் அம்மாவே அவற்றை ஒரு பையில் போட்டு என்னிடம் கொண்டுவந்தார்.

என் மனக்குறை வேறு. கூட்டு ஆய்வு ஒன்றுக்காக எங்கள் ஆய்வகத்திலிருந்து கிருமிகளை வாங்கிச் சென்றார்கள். விடுமுறை நாள்களிலும் வந்து அவற்றை உறைகலத்தில் காத்துவைத்தவர்கள் நாங்கள். மூன்று ஆண்டுகள் ஆகியும் எந்தக் கிருமியில் என்ன மரபணு இருந்தது என்று ஒரு வரி வரவில்லை. அதற்குள் அந்த நோயாளிகளில் சிலர் மருத்துவமனையில் மீண்டும் சேர்ந்து, மீண்டும் அதே மருந்துகளை வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். ஆகவே உங்கள் திட்டத்தில் சேருங்கள், தயங்க வேண்டாம். ஆனால் கையெழுத்திடும் முன் ஒப்பந்தத்தில், மாதிரி கொடுத்த ஆய்வகத்துக்கு எத்தனை மாதத்தில் முடிவு எழுத்தில் வரும் என்று ஒரு வரி இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் எழுதச் சொல்லுங்கள்.