வயல் பத்திரத்தை ஈடு வைக்கும் முன்: செங்கோட்டை அப்பா ஒருவருக்கு

அண்ணாச்சி, நீங்கள் கேட்டது ஒரே கேள்வி. "பொண்ணு பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி மூணாம் வருஷம் போறா. புனலூர் அத்தை சொல்ற மாதிரி லண்டனுக்கு அனுப்பிரலாமா?"

வேண்டாம்.

அத்தை மகன் அங்கே நர்ஸாக நன்றாக இருக்கிறான் என்பது உண்மைதான். ஆனால் நர்ஸிங்குக்குப் பதிவும் உரிமமும் உண்டு, ஆஸ்பத்திரியே ஆளைத் தேடுகிறது. ஒரு வருட எம்.எஸ்சி. பயோடெக்னாலஜியை அதோடு ஒப்பிட முடியாது. அந்த ஒரு வருடத்தில் லேப் வேலை கிடைப்பது பெரும்பாலும் கடைசி மூன்று மாதம்தான். கை பழகும் நேரத்தில் படிப்பு முடிந்துவிடும், கடனுக்கு வட்டி ஓட ஆரம்பித்திருக்கும். ஏஜென்ட் போட்ட 28 லட்சம் கணக்கில் விசா, சாப்பாடு எல்லாம் இருக்கிறது. வேலை கிடைக்காவிட்டால் என்ன என்பதற்கு ஒரு வரி இல்லை. வயல் பத்திரத்தை வைத்து இதைச் செய்யாதீர்கள்.

பி.எட்., டி.என்.பி.எஸ்.சி., மருந்து கம்பெனி க்யூ.சி. (தரப் பரிசோதனை) வேலை எல்லாம் உங்களுக்கே தெரியும், விடுங்கள். மகள் எழுதித் தந்த தாளில் ஒரு வரி இருக்கிறது: "மருந்து செல்லுக்குள்ள போய் எதுல ஒட்டுதுன்னு பார்க்கணும்." இந்தக் கேள்விக்கென்றே ஒரு துறை இருக்கிறது: கெமிக்கல் பயாலஜி. 2022 வேதியியல் நோபல் பரிசு பெர்டோஸி, மெல்டால், ஷார்ப்லெஸ் மூவருக்கும் இந்தப் பக்க வேலைக்குத்தான் கிடைத்தது.

அந்த லேபில் என்ன நடக்கும்? அசைடு (மூன்று நைட்ரஜன் அணு சேர்ந்த சின்னத் தொகுதி) பொருத்திய சர்க்கரை மூலக்கூறு ஒன்றைத் தயாரித்து, வளர்ப்புத் தட்டில் இருக்கும் செல்களுக்கு 50 மைக்ரோமோலார் அளவில் கொடுத்து இரண்டு மூன்று நாள் விடுவார்கள். செல் அதை மாற்றித் தன் மேற்பரப்பில் காட்டும். கழுவிவிட்டு, அசைடோடு மட்டும் பிணையும் ஒளிரும் சாயத்தை விட்டால் செல்லின் ஓரம் மின்னும். செம்பு வினையூக்கி போட்டால் பிணைப்பு சீக்கிரம் நடக்கும், ஆனால் செம்பு உயிருள்ள செல்லுக்கு நஞ்சு. அதனால்தான் இறுக்கமாக வளைந்த சைக்ளோஆக்டைன் வளையம் வந்தது. அதற்குச் செம்பு வேண்டாம்.

கெடுவதும் இங்கேதான். கெமிஸ்ட்ரி பிள்ளை சர்க்கரை கொடுக்காத செல்லுக்கும் சாயம் போட்டுப் பார்க்க மறக்கும். அதுவும் மின்னினால் சாயம் கண்ட இடத்தில் ஒட்டியிருக்கிறது, மூன்று நாள் உழைப்பு வீண். டி.எம்.எஸ்.ஓ. கரைப்பானைத் தாராளமாக ஊற்றி செல்லையே கொன்றுவிடும், 0.5 சதவீதத்துக்குள் நிற்பது நல்லது. பயாலஜி பிள்ளையோ புட்டியில் இருப்பது லேபிளில் எழுதியதுதானா என்று என்.எம்.ஆர். (மூலக்கூறின் அமைப்பைக் காட்டும் சோதனை) எடுத்துப் பார்க்காது. சோடியம் அசைடை டைகுளோரோமீத்தேன் கரைப்பானோடு சேர்த்தால் வெடிக்கும் பொருள் உண்டாகும் என்பதும் அதற்குத் தெரிந்திருக்காது. இரண்டு கையும் பழகியவருக்குத்தான் இங்கே மதிப்பு.

வழி இது. பி.எஸ்சி. முடித்ததும் இன்டக்ரேட்டட் பிஎச்.டி., அதாவது எம்.எஸ்சி.யும் பிஎச்.டி.யும் சேர்ந்த ஒரே படிப்பு. பெங்களூரு ஐ.ஐ.எஸ்.சி.யில் (இந்திய அறிவியல் கழகம்) இருக்கிறது, நமக்குப் பக்கத்தில், தென்மலை, குளத்துப்புழை தாண்டி, விதுராவில் திருவனந்தபுரம் ஐசர் என்ற மத்திய அரசு அறிவியல் நிறுவனமும் இருக்கிறது. நுழைவு ஜாம் (JAM) என்ற அகில இந்தியத் தேர்வு வழியாக: மூன்று மணி நேரம், 60 கேள்வி, 100 மதிப்பெண். கெமிஸ்ட்ரி, பயோடெக்னாலஜி இரண்டு தாளையும் எழுதலாம். ஒரு விடை மட்டும் சரியாக உள்ள கேள்வியில்தான் தவறுக்கு மார்க் போகும். எண்ணாக விடை தரும் 20 கேள்வியில் போகாது, அதில் ஒன்றையும் விடக் கூடாது.

எம்.எஸ்சி. முடித்துத் தனியாகப் பிஎச்.டி. சேர்வதும் நல்ல வழிதான். சி.எஸ்.ஐ.ஆர். நெட் தேர்வில் ஜே.ஆர்.எஃப். என்ற ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்தால் முதல் இரண்டு வருடம் மாதம் 37,000, பிறகு 42,000, வீட்டு வாடகைப்படி தனி. அமெரிக்கா ஆசை இருந்தால் அங்கேயும் பிஎச்.டி.க்கே போகட்டும்: பெரும்பாலும் கட்டணம் இல்லை, உதவித்தொகை உண்டு, முதல் வருடம் இரண்டு மூன்று லேபில் வேலை பார்த்துவிட்டு வழிகாட்டியைத் தேர்ந்தெடுக்கலாம். எங்கேயானாலும் காசு நம் பக்கம் வர வேண்டும். நாம் கட்டும் பிஎச்.டி. வேண்டாம்.

இரண்டு எச்சரிக்கை. எம்.எஸ்சி. சான்றிதழில் 'வேதியியல்' என்று இருப்பது பாதுகாப்பு. 'கெமிக்கல் பயாலஜி' போலப் புதுப் பெயர் இருந்தால், பிற்பாடு அரசுக் கல்லூரி வேலைக்கு, இது வேதியியலுக்குச் சமம் என்ற இணைச் சான்று கேட்டு அலைய வேண்டி வரும். இன்னொன்று, இது ஐந்தாறு வருட வேலை. "இருபத்தஞ்சு வயசாயிருமே" என்று அத்தை பேசுவார். அதற்குப் பதில் சொல்ல வேண்டியது நீங்கள், அவள் இல்லை.

ஜாம் விண்ணப்பம் வழக்கமாக செப்டம்பரில் திறக்கும், தேர்வு பிப்ரவரியில். அதற்குள் இருபது அமினோ அமிலங்களையும் பார்க்காமல் வரையப் பழகட்டும். அதில் சிஸ்டீனின் பி.கே.ஏ. (எந்த அமிலத்தன்மையில் புரோட்டானை விடும் என்று காட்டும் எண்) சுமார் 8.3, ஹிஸ்டிடினுடையது 6 பக்கம். அந்த எண்களால் என்சைமுக்கு என்ன லாபம் என்று நேர்காணலில் கேட்பார்கள்.