எம்.எஸ். (மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ், மூளை, தண்டுவட நரம்புகளின் உறையை உடலின் எதிர்ப்பு சக்தியே தாக்கும் நோய்) உள்ளவருக்குப் பரம்பரைக் கண் நரம்பு நோயும் சேர்ந்து வருமா?

வரும். அரிதுதான். லீபர் பரம்பரைப் பார்வை நரம்பு நோயும் எம்.எஸ். போன்ற பாதிப்பும் சேர்ந்து வருவதை லண்டன் நரம்பியல் மருத்துவர் அனிதா ஹார்டிங்கும் குழுவினரும் 1992-இல் விவரித்தார்கள். இன்று அதை 'ஹார்டிங் நோய்' என்கிறார்கள். லீபர், தாய்வழியில் மட்டும் வரும் மைட்டோகாண்ட்ரியா (செல்லுக்கு ஆற்றல் தரும் பகுதி) மரபணு மாற்றத்தால் வருவது.

எம்.எஸ்.ஸால் வரும் பார்வை நரம்பு அழற்சியில் பொதுவாகக் கண்ணை அசைத்தால் வலிக்கும். பார்வை பெரும்பாலும் சில வாரங்களில் தேறத் தொடங்கும். வலியே இல்லாமல் மங்கி, ஸ்டீராய்டுக்கும் தேறாமல், அடுத்த கண்ணும் மங்கினால் லீபரைச் சந்தேகிக்க வேண்டும். தாய்மாமாவுக்கு இளவயதில் பார்வை போயிருந்தால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். எம்.எஸ். என்று முடிவான பிறகு வேறு காரணம் தேடாமல் விடுவதுதான் பெரிய ஆபத்து. மரபணுப் பரிசோதனையை நீங்களே கேளுங்கள். லீபர் உறுதியானால் புகையை அறவே விட வேண்டும், மதுவையும் தவிர்ப்பது நல்லது.