இருட்டு இல்லாமல் வெளிச்சத்துக்கு அழகு உண்டா? துன்பம் இல்லாமல் இன்பம் தெரியுமா?

ஒரே மூச்சில் இரண்டையும் கேட்டிருக்கிறீர்கள். எனக்கு இவை வேறு வேறு கேள்விகளாகத் தெரிகின்றன. முதலாவதற்கு என் கண்ணையே சாட்சிக்குக் கூப்பிடலாம். இரண்டாவதற்கு நான் சொல்லப்போவது பலருக்குப் பிடிக்காது.

எனக்கு இரண்டு கண்ணிலும் புரை இருந்தது. டாக்டர் முதலில் வலது கண்ணுக்கு ஆபரேஷன் செய்தார். இடது கண்ணுக்கு ஒரு மாதம் கழித்துப் பார்க்கலாம் என்றார். கட்டைப் பிரித்த அன்று வீட்டுக்கு வந்து அலமாரியைத் திறந்தேன். என் கருப்புச் சட்டையைக் காணவில்லை. அது இருந்த இடத்தில் ஒரு கருநீலச் சட்டை தொங்கியது. வலது கண்ணை மூடிக்கொண்டு இடது கண்ணால் பார்த்தேன், கருப்பு. மாற்றிப் பார்த்தேன், நீலம். அந்தச் சட்டை கருப்பு என்று நான்கு வருடமாக மனைவியிடம் வாதாடிக்கொண்டிருந்தேன். "அது நீலம்ங்க, பாத்து எடுத்துப் போடுங்க" என்று அவள் சொன்னபோதெல்லாம் சிரித்திருக்கிறேன்.

அந்த ஒரு மாதமும் எனக்கு இதே வேலைதான். சுவர், வானம், கைவிரல் நகம் என்று எதைப் பார்த்தாலும் ஒரு கண்ணால் ஒரு தடவை, மறு கண்ணால் ஒரு தடவை. காரணம் ஒன்றும் மர்மம் இல்லை. வயதாக ஆகக் கண்ணின் லென்ஸ் மஞ்சளாகிக்கொண்டே போகும், நீல ஒளியை வடிகட்டிவிடும். வருடக்கணக்கில் மெதுவாக நடப்பதால் மூளையும் கணக்கை அதற்கேற்ப மாற்றி எழுதிக்கொள்ளும். நேற்று வரை இடது கண் எனக்குக் காட்டிய படுக்கைவிரிப்பு வெள்ளையாகத்தான் இருந்தது. பக்கத்துக் கண் திறந்த பிறகுதான் அது பழைய காகிதம்போல மஞ்சளாகத் தெரிந்தது. ஓவியர் மோனேவுக்கும் 1923ல், 82 வயதில், வலது கண்ணுக்கு மட்டும் இந்த ஆபரேஷன் நடந்தது. எல்லாம் நீலமாகத் தெரிகிறது என்று அவர் குறைபட்டார், நிறக்கண்ணாடி போட்டுப் பார்த்தார். நான் குறைபடவில்லை. எனக்கு அது திருவிழாவாக இருந்தது.

கருப்பு என்றதும் இன்னொருவர் நினைவுக்கு வருகிறார். ஷெவ்ரூல் என்ற பிரெஞ்சு வேதியியலாளர், 102 வயது வரை வாழ்ந்தவர். 1824ல் பாரிஸில் உள்ள கோபலான் நெசவுக்கூடத்தின் சாயப் பிரிவுக்கு அவரைத் தலைவராக்கினார்கள். அங்கே ஒரு புகார் காத்திருந்தது: கருப்புச் சாயத்தில் அடர்த்தி போதவில்லை, நீலத்துக்கும் ஊதாவுக்கும் நடுவில் நெய்தால் வெளிறித் தெரிகிறது. வேறு பட்டறைகளின் கருப்பு நூலை வரவழைத்து ஒப்பிட்டுப் பார்த்தார். சாயத்தில் குறையே இல்லை. பக்கத்தில் இருந்த நிறம்தான் வேலையைக் காட்டியிருக்கிறது. நீலத்தைப் பார்க்கும் கண், அதற்கு எதிரான செம்மஞ்சள் சாயலை அண்டையில் இருக்கும் கருப்பின்மேல் தானாகவே பூசிவிடுகிறது. வருடக்கணக்கில் இதையே ஆராய்ந்து, 1839ல் பெரிய நூலாக வெளியிட்டார். ஓவியர்கள் விழுந்து விழுந்து படித்தார்கள்.

ஆக, ஒரு நிறம் தனியாக எப்படி இருக்கும் என்ற கேள்விக்கே பதில் சொல்வது கடினம். தனியாக விட்டால் அது இருக்கவே இருக்காது என்றுகூடச் சொல்லலாம். பிங்பாங் பந்தை இரண்டாக வெட்டி, அந்தப் பாதிகளால் திறந்த கண்கள் இரண்டையும் மூடி, முகத்துக்கு நேரே சிவப்பு விளக்கைப் போட்டால் பார்வை முழுக்கச் சிவப்பு மட்டும் இருக்கும். ஓரம் கிடையாது, மடிப்பு கிடையாது. சில நிமிடங்களில் அந்தச் சிவப்பு மங்கிச் சாம்பலாகிவிடும். விளக்கு எரிந்துகொண்டேதான் இருக்கும்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். அந்தச் சிவப்பைக் காப்பாற்றப் பச்சை வேண்டியதில்லை. ஒரு விரலைக் குறுக்கே காட்டினால், அதன் நிழலின் ஓரம் போதும். கண்ணுக்குத் தேவைப்படுவது வேறுபாடு. நாம் அதைப் பெருக்கி, எதிர், பகை, இருளும் ஒளியும் என்று பெரிய வார்த்தைகளாக ஆக்கிவிடுகிறோம். உண்மையில் எதிர் என்பதே ஒரே குடும்பத்துக்குள் நடக்கிற விஷயம். கருப்புக்கு எதிர் வெள்ளை என்றால் சரி. கருப்புக்கு எதிர் வியாழக்கிழமை என்று யாரும் சொல்வதில்லை. நம் யாப்பில், எதிர்ச்சொற்கள் சேர்ந்து வரும் முரணைத் தொடை என்று, அதாவது ஒரு வகைத் தொடுத்தலாக வைத்தவர்களுக்கு இது தெரிந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

காதுக்கும் இதே வேறுபாடு வேண்டும். ஒரு பாட்டில் முதல் நொடியிலிருந்து கடைசி நொடி வரை எல்லாக் கருவிகளும் உச்சத்தில் ஒலித்தால், பத்து நிமிடத்தில் காது அதை இரைச்சல் என்று ஒதுக்கிவிடும். இதை நீட்ட வேண்டாம், எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

இப்போது இரண்டாவது கேள்வி. நிழலின் அருமை வெயிலில் தெரியும் என்பதை நான் மறுக்கவில்லை. சாக்ரடீஸ் சாகவேண்டிய நாளில், காலிலிருந்து விலங்கைக் கழற்றியதும் காலைத் தேய்த்துவிட்டுக்கொண்டு, இன்பமும் துன்பமும் ஒன்றின் பின்னால் ஒன்று வருவது எவ்வளவு விசித்திரம் என்று பேசியதாகப் பிளாட்டோ எழுதியிருக்கிறார். எனக்கும் ஒரு முறை கடைவாய்ப் பல் இரண்டு வாரம் வலித்தது. வலி நின்ற ராத்திரி சொர்க்கம். மறுநாள் மத்தியானம் பல் இருக்கிறது என்பதே மறந்துபோயிற்று. இரண்டு வார வதைக்குக் கிடைத்தது ஒன்றரை வேளைச் சொர்க்கம். இதை லாபக் கணக்கில் எழுத எனக்கு மனம் வரவில்லை.

துன்பம் வேண்டாம், இடைவெளி போதும் என்று காட்டும் ஒரு ஆய்வு எனக்குப் பிடிக்கும். 2008ல் நெல்சன், மேவிஸ் என்ற இருவர் வெளியிட்டது. மசாஜை நடுவில் நிறுத்தி மறுபடி தொடங்கினால், தொடர்ந்து செய்ததைவிட மக்கள் அதிகமாக ரசித்தார்கள். எரிச்சலூட்டும் இரைச்சலுக்கு நடுவில் ஓய்வு கொடுத்தால், எரிச்சல்தான் கூடியது. முன்கூட்டியே கேட்டபோது பெரும்பாலோர் நேர்மாறாகத்தான் விரும்பினார்கள்: இன்பத்தை அறுக்காதே, இரைச்சலுக்கு மட்டும் ஓய்வு கொடு என்று. நானாக இருந்தாலும் அப்படித்தான் சொல்லியிருப்பேன். மசாஜுக்கு நடுவில் யாரும் யாரையும் கிள்ளவில்லை என்பதுதான் எனக்கு முக்கியம்.

அப்புறம், ஒப்பீடு எப்போதும் நம் பக்கம் நிற்கும் என்றும் இல்லை. 1992 பார்சிலோனா ஒலிம்பிக்கில் பதக்கம் வாங்கியவர்களின் முகங்களை வீடியோவில் பார்த்து மதிப்பிட்டார்கள். மூன்றாவதாக வந்தவர்கள் இரண்டாவதாக வந்தவர்களைவிட மகிழ்ச்சியாகத் தெரிந்தார்கள். வெள்ளிக்குப் பக்கத்தில் நிற்பது தங்கம், வெண்கலத்துக்குப் பக்கத்தில் நிற்பது வெறுங்கை. ஷெவ்ரூலின் கருப்பு நூல்போலத்தான். பதக்கத்தில் குறை இல்லை.

அதனால்தான், கஷ்டப்படுகிறவரிடம் போய் "இது இருந்தால்தான் அது இனிக்கும்" என்று சொல்கிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது. ஒரு கைக்குழந்தை சிரிப்பதற்கு முன்னால் எந்தத் துக்கத்தைப் பார்த்துவிட்டு வந்தது?

இரண்டாவது ஆபரேஷனுக்கு முந்தின ராத்திரி நான் கொஞ்சம் தயங்கினேன். ஒரு மாதமாக நடந்த திருவிழா முடிந்துவிடுமே என்று. மனைவியிடம் சொன்னேன். "அதுக்காக ஒரு கண்ண அப்படியே வெச்சுக்கப் போறீங்களா?" என்றாள். செய்துகொண்டேன். பயந்ததுபோலவே, சில வாரங்களில் விரிப்பு வெறும் விரிப்பாகிவிட்டது. அந்த மஞ்சள் எப்படி இருந்தது என்று நினைவுக்குக் கொண்டுவரப் பார்க்கிறேன், வரவில்லை. சட்டை மட்டும் இன்னும் நீலமாகத்தான் இருக்கிறது. இப்போது அடிக்கடி அதையே எடுத்துப் போடுகிறேன்.